மம்மி ஒன்று பத்து ரூபாய்

ராத்திரி ஒன்பதேகால் மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன். பைக்கை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே தலையைக் குனிந்து ஒருவர் கேட்டார்.

"அக்கா, மம்மி ஒண்ணு பிரிண்ட் போடணும்."

"எந்த மம்மி அண்ணாச்சி?"

"எதா இருந்தா என்ன? கலரா, பெருசா இருக்கணும். காலையில சார்ட் கொண்டுபோகணுமாம்."

துட்டன்காமுனின் தங்க முகமூடியைப் போட்டுக் கொடுத்தேன். 10 ரூபாய். தெருவிளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராணியா இது?" என்றார். "ராஜா. இருபது வயசுகூட ஆகாம செத்துப்போன பையன்" என்றேன். "அடப் பாவமே" என்று தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் சொருகினார். மகன் எங்கே என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டானாம்.

பாளையங்கோட்டையில், ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் நான். எனக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். சமூக அறிவியலில் ‘பண்டைய நாகரிகங்கள்’ நடக்கிற மாதம் எனக்குச் சீசன். பிரமிடு, மம்மி, ஹமுராபி, மொகஞ்சதாரோ பெருங்குளம் எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். தெர்மகோலை வெட்டி ஒட்டி, பசை தடவி, ஆற்று மணல் தூவி, ரெடிமேட் பிரமிடும் விற்கிறேன். ஆகவே, மற்ற பெற்றோரே, உங்களைத் திட்ட எனக்குப் பாதித் தகுதிதான் உண்டு. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு திட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் பாடம் எடுத்த டீச்சர் புதிதாக வந்தவர். புத்தகத்தில் அடிக்கோடு போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருகிற ரகம் இல்லை. எகிப்தில் செத்தவர்களை எப்படிப் பாடம் செய்தார்கள் என்று ஒரு பீரியட் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த பீரியடில் பாபிலோன் ராஜா ஹமுராபியின் சட்டத்திலிருந்து நாலு வழக்கைக் கொடுத்து, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளை நீதிபதியாக்கியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை, செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழைய இடுகாடு இருக்கிற ஆதிச்சநல்லூருக்கு ஒரு நாள் பயணம், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று தாள் வந்தது.

அன்று சாயங்காலம் நம் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பலமுறை படித்தேன். "பிணத்தைக் கீறுறதை எல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? என் பொண்ணு ராத்திரி தனியாப் படுக்க மாட்டேங்கா." "பப்ளிக்குக்கு வராத பாடத்துக்கு இத்தனை நாளா?" "இடுகாட்டுக்கா டூர் கூட்டிட்டுப் போவாங்க? எங்க வீட்டுல நல்ல காரியம் வச்சிருக்கோம்." கடைசியாக ஒருவர்: "கிளாஸ்ல ஏத்தத்தாழ்வெல்லாம் பேசுறாங்களாம், கொஞ்சம் விசாரிங்க." இதற்குத்தான் கட்டைவிரல் அதிகம் விழுந்தது. மறுநாள் நாலைந்து பேர் நேரில் போனீர்கள். பயணம் ரத்தானது. பாடம் இரண்டு பக்க வினா விடைத் தாளாகச் சுருங்கியது. அந்தத் தாளை நாற்பது நகல் எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். குழுவில் நான் ஒரு வார்த்தை போடவில்லை. வாடிக்கையாளரைப் பகைக்கக் கூடாதென்று இருந்துவிட்டேன். அது என் கணக்கில் இருக்கட்டும்.

முதலில் பிணத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாடம் நடந்த அன்று என் மகள் பையைக்கூட இறக்காமல் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பெரிய மனிதர்களுக்கு முழு முறையில் செய்தால் 70 நாள் ஆகுமாம். மூக்கு வழியாகக் கொக்கிக் கம்பியை விட்டு மூளையை எடுத்து எறிந்துவிடுவார்களாம். வயிற்றின் இடப்பக்கம் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்து நாலு சாடிகளில் தனியாக வைப்பார்களாம். உடம்பை நேட்ரான் என்கிற உப்பில் மூடிக் காயவைப்பார்களாம். "நம்ம நார்த்தங்காய்க்கு உப்புப் போடுவோம்லாம்மா, அது மாதிரி." இதயத்தை மட்டும் எடுக்கமாட்டார்கள். செத்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும், மாஅத் என்கிற தேவதையின் இறகை இன்னொரு தட்டிலும் வைத்து எடை பார்ப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. பாவத்தால் இதயம் கனத்திருந்தால், முதலைத் தலை கொண்ட ஒரு ஜந்து பக்கத்திலேயே காத்திருந்து தின்றுவிடும்.

"மூளை வேண்டாம்னு எப்படிம்மா முடிவு பண்ணாங்க?"

டோனரை மாட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று பதில் வரவில்லை. அவளே சொன்னாள்: நினைப்பு, குணம், ஞாபகம் எல்லாம் இதயத்தில்தான் இருக்கிறது என்று நம்பினார்களாம். யோசித்துப் பார்த்தால் நாமும் நெஞ்சில் கைவைத்துச் சொல் என்றுதானே கேட்கிறோம், மண்டையில் கைவைத்துச் சொல் என்று எவனும் கேட்பதில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? அதே பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு படத்தில் நாற்பது தலை உருளுவதைப் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்க்கிறார்கள். அங்கே யாரும் குழுவில் எழுதுவதில்லை.

அன்று ராத்திரி அவள் வேறொன்று கேட்டாள். போன ஐப்பசியில் என் மாமியார் தவறிப்போனார். உயிர் பிரிந்த உடனே, பிள்ளை பார்க்க வேண்டாமென்று அவளைப் பக்கத்துத் தெருவில் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினோம். அவள் திரும்பி வந்தபோது வீடு கழுவியிருந்தது, ஆச்சியின் கட்டில் இல்லை, சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை தைரியமாக இருக்கிறாள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஒன்பது மாதம் கழித்து, எகிப்துப் பாடம் நடந்த அன்றைக்கு, விளக்கை அணைத்த பிறகு கேட்கிறாள்: "ஆச்சியை யாரும்மா குளிப்பாட்டினா?"

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த ஒரு ராஜாவுக்கு 70 நாள் என்னென்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளைத் தோளில் போட்டு வளர்த்த ஆச்சிக்கு அந்த ஒரு நாளில் என்ன செய்தோம் என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து சொன்னேன். நானும் பெரிய மதினியும் குளிப்பாட்டியது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியது, ஆச்சிக்குப் பிடித்த அரக்குச் சேலை உடுத்தியது, வாய்க்கரிசி போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டாள். பாதிக்கு எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் ஆச்சிக்காக அழுதாள். அந்த டீச்சர் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார் என்று நீங்கள் எழுதியது அதே வாரம்தான்.

டீச்சர் வகுப்பில் சொன்ன இன்னொன்று. மெசபடோமியாவில் ஊர் என்று ஒரு நகரம் இருந்தது. (நம் ஊர் என்ற சொல்தான் அங்கே போனது என்று குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறதே, பெயர் ஒத்துப்போவதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.) அங்கே சாதாரணக் குடும்பங்கள் செத்தவர்களை வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்திருக்கிறார்கள். மேலே பிள்ளைகள் விளையாடும், கீழே தாத்தா படுத்திருப்பார். மாதாமாதம் நிலா மறைகிற நாளில் முன்னோருக்குச் சோறும் தண்ணீரும் வைத்து, பெயர் சொல்லி அழைப்பார்கள். அதற்குக் கிஸ்பு என்று பெயர். இதைக் கேட்டதும் பிள்ளைகள் சொல்லிவைத்தாற்போல "அமாவாசை!" என்று கத்தினார்களாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்த விடை அது. வினா விடைத் தாளில் அதற்கு இடமில்லை.

அதே நகரத்தில் லியோனார்ட் வூலி 1920களில் அரச கல்லறைகளைத் தோண்டினார். ஒரு குழியில் 74 பேர் வரிசையாகக் கிடந்தார்கள். 68 பேர் பெண்கள், தலையில் தங்க இலை அணிகலன். அரச குடும்பத்தில் யாரோ செத்ததற்காகக் கூடவே அனுப்பப்பட்ட ஏவலாட்கள் என்கிறார்கள். ஒரு நாட்டில் எப்படி ஆட்சி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அரண்மனையைப் பார்க்காதே, சுடுகாட்டைப் பார் என்று டீச்சர் சொன்னாராம். யார் செத்தால் யார் கூடப் போக வேண்டும் என்பது அங்கேதான் தெரியும். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது அந்த ஏற்றத்தாழ்வுப் புகார்.

நம் பிள்ளைகள் எழுதிவைத்திருக்கிற ஒரு வரி: ஹமுராபி சட்டம், கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல். இரண்டு மதிப்பெண். அந்தச் சட்டத்தை வெட்டிய கல் 1901இல் ஈரானில் சூசா என்கிற இடத்தில் கிடைத்தது. ஏழடிக்கு மேல் உயரம். இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பாபிலோனியாவிலிருந்து ஈலாமிய ராஜா ஒருவன் கொள்ளையடித்துக்கொண்டு போனது அது. 282 சட்டங்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கண் என்பது அதில் மேல்குடிக்காரனுக்கு மட்டும். அவன் கண்ணைக் கெடுத்தால் உன் கண் போகும். சாதாரணக் குடியானவன் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி, அதுவும் அவனுடைய எஜமானுக்கு. அந்தக் கல்லுக்கு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய, ஊர் நகரத்து ராஜா ஊர்-நம்முவின் சட்டத்தில் கண்ணுக்கு அரை மினா வெள்ளி அபராதம், அவ்வளவுதான். பழையது காட்டுமிராண்டித்தனம், வரவர நாகரிகம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோமே, அந்தக் கணக்கு இங்கே உதைக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. ராத்திரி சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க கட்டின வீடு இடிஞ்சு விழுந்து ஓனர் செத்தா உங்களைக் கொன்னுருவாங்க. ஓனர் மகன் செத்தா உங்க மகனைக் கொல்லுவாங்க. மகன்னுதான் போட்டிருக்கு, நான் தப்பிச்சேன்."

அவர் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே இருந்தார். "அந்தப் பய என்ன செஞ்சான், பாவம்? கம்பியைக் குறைச்சுப் போட்டவன் அப்பன்தானே?" பிறகு அவரே, "நம்ம மனுநீதிச் சோழனும் மகனைத்தானே தேர்க்கால்ல போட்டான், ஐகோர்ட்டுல சிலையே வச்சிருக்கு" என்றார். மகள் விடவில்லை. "அங்க தேரை ஓட்டினதே மகன்தான்ப்பா. இங்க பையன் ஒண்ணுமே செய்யலையே. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

வீட்டில் யாரும் வக்கீல் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசினோம். தீர்ப்பை மாற்றிய நீதிபதி அபராதத்தைப் பன்னிரண்டு மடங்காகக் கட்டிவிட்டுப் பதவியை விட்டும் போக வேண்டும் என்று அதே கல்லில் இருப்பதைச் சொன்னதும், "இது மட்டும் இங்க வரணும்" என்றார் என் வீட்டுக்காரர். தோசை ஆறிப்போனது.

இதைத்தான் வகுப்பில் டீச்சர் கேட்டிருக்கிறார்: இன்றைக்கு எல்லார் கண்ணுக்கும் ஒரே விலைதானா? ஒரு பையன் எழுந்து, அவனுடைய மாமாவுக்கு வேலை பார்த்த இடத்தில் இரண்டு விரல் போனதையும், கையில் கொடுத்த தொகையையும் சொல்லியிருக்கிறான். அதே இடத்தில் முதலாளி மகனுக்கு விரல் போயிருந்தால் என்று இன்னொரு பிள்ளை கேட்டிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று டீச்சர் எழுதிப்போட்டிருக்கிறார். நடந்தது இவ்வளவுதான். இது உங்கள் காதுக்கு வரும்போது ‘ஏற்றத்தாழ்வு பேசுகிறார்கள்’ என்று ஆகிவிட்டது. மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஏற்றத்தாழ்வைப் படித்து மார்க் வாங்கினால் சந்தோஷம், போன வருஷத்து ஏற்றத்தாழ்வைப் பிள்ளை வாயில் கேட்டால் புகார். ஹமுராபிகூட தன் சட்டத்தைக் கல்லில் வெட்டி எல்லார் பார்வைக்கும் நட்டுவைத்தான். நாம் வீட்டுக்குள்ளேயே மூடிப் பேசச் சொல்கிறோம்.

பிரமிடுக்கும் ஒரு வார்த்தை. சார்ட் வாங்க வரும்போது நீங்கள் பிள்ளைகளிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்: "அடிமைகளைச் சாட்டையால அடிச்சுக் கட்டினது." அது சினிமா. கிசாவில் 1990இல் ஒரு குதிரை மண்சுவரில் தடுக்கியதால் தெரியவந்த இடத்தில், பிரமிடு கட்டிய தொழிலாளிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அடிமைகளாக இருந்திருந்தால் அரசன் பக்கத்தில் சொந்தக் கல்லறை கிடைத்திருக்காது என்கிறார்கள். ரொட்டி சுட்ட கூடங்களையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் குடைகிற தொழிலாளிகளுக்குக் கூலித் தானியம் வரவில்லை. கருவிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பி, கோயில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்திருக்கிறோம், ராஜாவுக்கும் அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றார்கள். அதை எழுதிவைத்த பாப்பிரஸ் இத்தாலியில் டூரின் நகரத்தில் இருக்கிறது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். கலர் பிரிண்ட்டுக்கு அதில் படம் எதுவும் இல்லை, ஆகவே எந்தச் சார்ட்டிலும் அது வராது.

சீனாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1974இல் கிணறு வெட்டப்போன விவசாயிகளுக்கு மண்பொம்மைப் படை கிடைத்ததைப் பிள்ளைகளே யூடியூபில் பார்த்துவிடுகிறார்கள்.

ரத்தான பயணத்துக்கு வருகிறேன். நீங்கள் நிறுத்தினீர்கள், நான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, மகளையும் அவளுடைய இரண்டு தோழிகளையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வழியாகத்தான் வருஷத்துக்கு நாலு முறை முருகனைப் பார்க்கப் போகிறோம், ஒருமுறைகூட இறங்கியதில்லை.

செம்மண் மேடு. 114 ஏக்கர். அதன் வயிறு முழுக்கத் தாழிகள். 1876இல் ஜாகோர் என்கிற ஜெர்மானியர் முதலில் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். 1899இலிருந்து அலெக்சாண்டர் ரே தோண்டினார். இரும்பு வாள்கள், வெண்கலச் சாமான்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் எல்லாம் வெளியே வந்தன. 2004இல் மறுபடி தோண்டியபோது நூற்று அறுபதுக்கும் மேல் தாழிகள். இப்போது தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். குனிந்தால் காலடியில் தாழி தெரிகிறது. தங்கப் பட்டம் எல்லாத் தாழியிலும் இல்லை என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சுடுகாட்டைப் பார் என்று டீச்சர் சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது.

என் மகள் கண்ணாடியில் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் வளைத்துத் தாழியின் வாயை அளந்தாள்.

"ஆச்சி இதுக்குள்ள உட்காருவாங்களா?"

"காலை மடக்கி வச்சா உட்காருவாங்க. அவங்க ஒல்லிதானே."

"முட்டி வலிக்கும்லா அவங்களுக்கு?"

கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி, உங்களில் ஒருவர் மகள்தான், புறநானூற்றில் புருஷனை இழந்த ஒருத்தி குயவனிடம் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிற பாட்டு இருப்பதைச் சொன்னாள். தமிழ் சார் சொன்னாராம். மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெளியே வந்து பதநீர் குடித்தார்கள். ராத்திரி மூன்று பேரும் நன்றாகத்தான் தூங்கினார்கள். இரண்டு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டேன்.

நல்ல காரியம் வைத்திருக்கிறோம் என்று எழுதிய வீட்டில் கல்யாணம் நன்றாக நடந்து முடிந்துவிட்டது. நானும் மொய் வைத்துச் சாப்பிட்டு வந்தேன்.

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் ஆதிச்சநல்லூருக்கு மறுபடி கூட்டிப்போக முடியுமா என்று டீச்சர் கேட்டுப் பார்க்கப்போகிறாராம். தலைமையாசிரியர் பெற்றோர் சம்மதத்தைத்தான் காட்டச் சொல்கிறார். சம்மதக் கடிதத்தின் மூலப்படி என் கடையில் இருக்கிறது. நாற்பது நகல் எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பேனாவும் நூலில் கட்டித் தொங்குகிறது. அதற்குக் காசு வேண்டாம். மம்மிக்கு வந்த அந்த அண்ணாச்சி மட்டும் மகனையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.